பிள்ளைக்குப் பெயரிடுதல்



சென்ற மாதம் தங்கவயலில் ஓர் இல்லத்தில் பெண் குழந்தைக்குப் பெயர் சூட்டும்பொருட்டு எம்மை அழைத்திருந்தனர். குழந்தையின் தந்தை, சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டபின் வளர்ந்த தலைமுறையினர். நாள்தோறும் விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் மீள்பவர். முன்னர்ப் பிறந்த மகவுகள் இரண்டும் சில நாட்களிலேயே மறைந்தன, இது மூன்றாவது. திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதியபின், பெயர் யாதென வினவினோம். தந்தையார் தாளொன்றில் பன்னிரண்டு பெயர்களை எழுதி வைத்திருந்தார். பாட்டியாரோ, "அதெல்லாம் பிறகு ஆகட்டும் ஐயா. முதலில் பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பம்மா என்று கூப்பிட வேண்டும். அப்போதுதான் இதுவாவது நமக்குத் தங்கும்" என்றார். மகனுக்குச் சினம் மூண்டது. "பௌத்தர் வீட்டில் குப்பைப் பெயரா?" என்றார். மூதாட்டியார் தலை கவிழ்ந்தார்.

யாம் உடனே எப்பக்கமும் பேசினோமில்லை. எமது பெயரே குப்பன்.

எமக்கு முன் பிறந்த இருவரை இழந்த அன்னையார் எம்மையும் அவ்வாறே புரட்டியெடுத்தார். பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் சேர்ந்த முதல் நாள், மேஸ்திரி எம் பெயரைக் கூவியதும் எழுந்த சிரிப்பு இன்றும் செவியில் உள்ளது. டிக்கெட் எண்ணால் அழைக்கப்படுவதே மேலென்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். பின்னர், இரவு வேலை இல்லாத நாட்களில் நூல்களைத் தாமே எழுத்துக்கூட்டிப் பயிலத் தொடங்கிய காலத்து, மநுவின் நூல் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு விதியைக் கண்டோம். பார்ப்பனர் பெயரில் மங்களமும், க்ஷத்திரியர் பெயரில் வலிமையும், வைசியர் பெயரில் செல்வமும், சூத்திரர் பெயரில் இழிவும் தோன்ற வேண்டுமாம்! அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. எம் அன்னை மநுவின் கட்டளையையா நிறைவேற்றினார்? இல்லை; எழுத்தறியாத அவர் மநுவை எங்ஙனம் அறிவார்? சாவு கண்ணெடுத்தும் பாராத பொருளாக மகனைக் காட்டி மறைத்து வைக்க முயன்றார், அவ்வளவே. சொல் ஒன்றாயினும் இட்ட கை வேறு. ஒன்று இகழ்ந்த கை. மற்றொன்று இழக்க அஞ்சிய கை.

ஆயின், பெயர் சாவைத் தடுக்குமோ? தடுக்காது. ஜாதகக் கதைகளுள் 97-ஆவதாகிய நாமசித்தி ஜாதகம் இதனைத் தெளிவாகக் கூறுகின்றது. தக்கசீலத்தில் பாபகன் என்னும் மாணவன் இருந்தான். பாவி என்பது போன்ற பெயர். அவன் வேறு பெயர் வேண்டினான். ஊரெல்லாம் சுற்றி நல்ல பெயரொன்றைத் தேடி வருமாறு ஆசிரியர் அனுப்பினார். வழியில் ஒரு பிணம் சென்றது. இறந்தவன் பெயர் ஜீவகன், உயிருள்ளவன் என்று பொருள். ஓரிடத்தில் கூலி கொணராத அடிமைப்பெண்ணை அடித்துக்கொண்டிருந்தனர். அவள் பெயர் தனபாலி, செல்வத்தைக் காப்பவள். காட்டில் வழி தவறி நின்றவன் பெயரோ பந்தகன், வழியறிந்தவன்! பாபகன் திரும்பி வந்து தன் பெயரே போதுமென்றான். அங்குலிமாலருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அகிம்சகன் என்று உரைநூல் கூறும். தீங்கிழையாதவன் என்று பெயர் பெற்றும் அவர் கொலைத்தொழிலை மேற்கொண்டமை யாவரும் அறிந்ததே.

இதனைக் கேட்ட தந்தையார், "அப்படியானால் எந்தப் பெயரும் வைக்கலாமா?" என்று வினவினார். நல்ல வினா. பாபகன் தன் பெயரைத் தானே ஏற்றான். எவரும் அவன்மேல் அதனைச் சுமத்தி வைக்கவில்லை. பெயருக்கு ஆற்றல் இல்லை; ஆனால் பெயரிடுவோர் மனத்துக்கு உண்டு. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனைப் பாருங்கள். கைவிடப்பட்ட சிசுவை ஏழு நாள் பால் தந்து காத்தது ஒரு பசு, அதனால் அப்பெயர். வேள்விப் பசுவை அவன் விடுவித்தபோது வேதியர் அவன் பிறப்பைச் சொல்லி இகழ்ந்தனர். அவனோ அப்பிறப்பிற்கு நாணினானில்லை. அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தவன் அவனே அன்றோ?

பின்பு அத்தாளை வாங்கிப் பார்த்தோம். கைப்பேசியில் தேடி எழுதியவை. ராகுலன் என்னும் பெயர் ஆண்பிள்ளை பிறந்தால் வைக்கவென எழுதியது அழியாமல் இருந்தது. அதற்குத் தளை என்று மரபுவழிப் பொருள் உண்டென்று யாம் கூறியதும் அவர் வியந்தார்! சுனீதா என்றும் இருந்தது. இன்று பெண்ணுக்கே வழங்கினும், தேரகாதையில் சுனீதர் ஆண்மகன். வாடிய பூக்களைக் கூட்டி அள்ளும் தொழிலினர். இராசகிருகத்தில் பகவன் தாமே அவரை அழைத்துச் சங்கத்தில் சேர்த்தார். நன்கு வழிநடத்தப்பட்டவர் என்பது பொருள்.

அடுத்தது புண்ணிகை. அநாதபிண்டிகரின் வீட்டில் நீர் சுமந்த அடிமைப்பெண். குளிரில் நடுங்கியவாறு ஆற்றில் மூழ்கிப் பாவம் போக்க முயன்ற பார்ப்பனரைக் கண்டு, நீராடலே தூய்மை தருமெனில் மீனும் ஆமையும் தவளையும் அன்றோ முதலில் சுவர்க்கம் புகும் என்று வினவித் தெளிவித்த அறிவுடையாள். இப்பெயரே தக்கதென்று மொழிந்தோம். பாட்டியார் பதறினார். "புண் என்றா ஐயா பெயர்?" என்றார். அனைவரும் சிரித்தனர், யாமும் சிரித்தோம். பாலிச் சொல்லைத் தமிழ்ச்செவி எவ்வாறு கேட்குமென யாம் எண்ணாதது எமது பிழையே. புண்ணா என்பதன் பொருள் நிறைந்தவள். அதனையே பூரணை என்றால் நிறைவும் ஆகும், பகவன் பிறந்த பௌர்ணமியும் ஆகும். மூதாட்டியார் அதனை இருமுறை சொல்லிப் பார்த்தார். "பூரணை. கூப்பிட நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

குப்பம்மா என்று வீட்டில் அழைப்பதை யாம் தடுக்கவில்லை. மகனிடம் மட்டும், அது நும் அன்னையின் அச்சம், அடிமைத்தனம் அன்று எனக் கூறினோம். குப்பையில் புரட்டுதலை மட்டும் விடச் செய்தோம். பச்சிளங்குழந்தைக்கு அது நோய் தரும். முன்னிரு மகவுகள் எதனால் மறைந்தன என்று மருத்துவரிடம் கேட்டறிந்து வைக்கவும் சொன்னோம்.

பெரியோர் சிலர், தம்மம் தழுவினோர் பழைய பெயரை விட்டே தீரவேண்டுமோ என்று எமக்கு எழுதிக் கேட்கின்றனர். அயோத்திதாசர் பெற்றோர் இட்ட காத்தவராயன் என்னும் பெயரை விடுத்து ஆசிரியர் பெயரைத் தமதாக்கிக்கொண்டார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தம்மம் ஏற்றபோது பீமராவ் என்னும் பெயரை மாற்றினாரில்லை. இரண்டும் நமக்கு முன் உள்ளன.

இளம் பெற்றோர்க்கு ஒன்று. பெயர் முடிவாகவில்லை என்று பிறப்பைப் பதியாது இருக்க வேண்டா. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறப்பை முதலில் பதிந்து பெயரைப் பின்னர்ச் சேர்க்கலாம். பன்னிரண்டு மாதத்திற்குள் சேர்ப்பின் கட்டணம் இல்லை. பாலிப் பெயரில் ஐயமுடையோர் அடுத்த பௌர்ணமியன்று விகாரைக்கு வரும்போது தாளில் எழுதி வருக. வீட்டிலுள்ள மூத்தோரையும் உடன் அழைத்து வருக.