அறியாது நேரும் ஹிம்சை

வட இந்தியாவின் குளிர்காலம் கடுமையானது. டில்லியில் ஜனவரி மாதத்துச் சில இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குகிறது. ஸ்ரீநகரில் உறைநிலையையும் தாண்டிச் செல்கிறது. மனிதன் கதவை அடைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறான். தெருப்பூனைக்கு அந்த வசதி இல்லை. நிறுத்தப்பட்ட காரின் என்ஜினில் தங்கியிருக்கும் வெப்பத்தை அது நாடுகிறது. சக்கரத்தின் மேலோ, கீழ்ப்புறமாக ஏறி என்ஜினை ஒட்டியோ சுருண்டு உறங்குகிறது. விடியற்காலையில் ஒருவர் அவசரமாக வந்து வண்டியைக் கிளப்புகிறார். அக்கணமே பெல்ட்டுகள் சுழல்கின்றன. உறங்கிய உயிர் சிதைகிறது.

அவர் கொல்ல நினைக்கவில்லை. ஆலய தரிசனத்துக்குப் புறப்பட்டவராகவும் இருக்கலாம். அவ்வாறாயின், அந்த உயிரின் அழிவுக்கு அவர் பொறுப்பாவாரா?

இக்கேள்வி புதிதன்று. இல்லறத்தானின் வீட்டிலேயே ஐந்து கொலைக்களங்கள் உள்ளன என்கிறது மனு ஸ்மிருதி. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என்பன அவை. இவற்றைக் கையாளும்போது சிற்றுயிர்கள் மடிகின்றன. கையாள்பவருக்கோ கொலை நோக்கம் சிறிதும் இல்லை. ஆயினும் நோக்கம் இல்லாததால் பொறுப்பும் இல்லை என்று சாஸ்திரம் விட்டுவிடவில்லை. குற்ற உணர்வால் குமைந்து அடுப்பை அணைத்துவிடுமாறு கூறவுமில்லை. நாள்தோறும் பஞ்ச மகா யக்ஞங்களைச் செய்யுமாறு விதித்தது. அவற்றுள் பூத யக்ஞம் என்பது பிற உயிர்களுக்கு உணவளித்துப் பேணுவதாகும்.

இன்றைய இல்லத்தில் காரும் அத்தகைய ஒரு கொலைக்களமாகக்கூடும். அதைத் தவிர்க்கும் வழி எளியது. புறப்படுமுன் வண்டியின் அடியிலும் சக்கரங்களின் மேற்புறத்திலும் பார்வையைச் செலுத்த வேண்டும். பானெட்டை நன்றாகத் தட்டிச் சற்றுப் பொறுக்க வேண்டும். ஐயமிருப்பின் அதைத் திறந்தே பார்த்துவிடலாம். அச்சத்தால் பூனை மேலும் உள்ளே ஒடுங்கக்கூடும் என்பதால், அது வெளியேறியதை உறுதிசெய்துகொண்ட பின்னரே என்ஜினை இயக்க வேண்டும்.

மற்றோர் அபாயமும் உண்டு. ரேடியேட்டர் நீர் உறையாதிருக்கச் சேர்க்கும் திரவத்தில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும். தரையில் சிந்திய அதைச் சிறிதளவு நக்கினாலும் பூனையின் சிறுநீரகங்கள் செயலிழக்கும். ஆகவே சிந்தியதை உடனே துடைத்துவிட வேண்டும். இயன்றவர்கள் மழையும் காற்றும் படாத ஓரிடத்தில் வைக்கோல் பரப்பிய பெட்டி ஒன்றை வைக்கலாம். அதுவும் பூத யக்ஞமே.

“ஒரு தெருப்பூனைக்காக இத்தனை சிரமமா?” என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தைத் தர மனம் மறுப்பது ஏன் என்பதே ஆராய வேண்டியது. தன் காரியமே பெரிது என்னும் அகங்காரம் அவசரத்தின் உருவில் வந்து நிற்கிறது. அபாயத்தை அறியாதவரிடம் நேர்ந்தது பிழை; அறிந்த பின்னும் பாராமல் புறப்படுபவரிடம் நேர்வதை அவ்வாறு கூற இயலாது. ஏனெனில், அங்கே அறியாமை விலகிவிட்டது; அலட்சியமே எஞ்சியுள்ளது.

அஹிம்சை என்பது கொல்லாதிருப்பது மட்டுமன்று. தன் செயல் எங்கெங்கே சென்று தாக்கும் என்று விழிப்போடு நோக்குவதும் ஆகும். தியானத்தில் பழகும் விழிப்பு, குளிர்ந்த காலையில் காரின் முன் ஒரு கணம் நின்று குனிந்து பார்க்கச் செய்யுமானால், அந்தச் சாதனை வாழ்வில் பலித்ததாகும்.