முதலில் வந்தவர் யார்?

எமது கோயிலில் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி, "எந்த வருஷம் வந்தனீங்கள்?" என்பது. 1984இல் வந்தவர் 2009இற்குப் பின் வந்தவரைச் சற்று மேலிருந்து பார்க்கிறார். நாமும் அப்படிப் பார்த்ததுண்டு. முந்தி வந்தவருக்கு உரிமை கூடவா? யானையின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது.

எதியோப்பியாவின் வடமேற்கே, தானா ஏரிக்கு அப்பால், சில்கா என்றோர் இடம் உண்டு. அங்கு எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணடுக்குகளிலிருந்து பழைய விலங்குகளின் எலும்புகளும் பற்களும் எடுக்கப்பட்டன. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஜோன் கப்பல்மன் குழுவினர் 2003இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அவற்றை அறிவித்தனர். சாம்பலிலுள்ள ஒருவகைப் பொற்றாசியம் சீரான வேகத்தில் ஆகன் வாயுவாக மாறும். கணக்காளர் தேய்மானத்தைப் பின்னோக்கிக் கணிப்பது போல, அதைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். வந்த விடை 2 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள்!

அக்காலத்தில் ஆபிரிக்காவும் அரேபியாவும் கடல் சூழ்ந்த தனி நிலமாக இருந்தன. பலியோமஸ்தொடன், பியோமியா போன்ற, இன்று அழிந்துவிட்ட யானை உறவுகள் அங்கு வாழ்ந்தன. பின்னர் அந்நிலம் ஆசியாவோடு இணைந்தது. யானைக் குலம் ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா வரை பரவியது. வன்னிக் காட்டில் நாம் கண்ட யானையின் முன்னோரும் ஆபிரிக்காவிலிருந்து வந்தவையே.

ஆயினும் அதை வந்தேறி என்று எவரும் சொல்வதில்லை. தின்ற பழத்தின் விதையைத் தூரத்தே இட்டுக் காட்டை வளர்க்கிறது; காடும் அதனுடையதாகிறது.

அப்படியாயின் நாம் இழந்த ஊரின் மீது எமக்குள்ள உரிமை என்னாவது? அது குறையாது. ஆயிரமாண்டுக்கு முன் யார் முந்தினார் என்பதிலல்ல, கிணறு வெட்டி, பனை நட்டு, பெற்றோரை அம்மண்ணில் எரித்து வாழ்ந்ததில்தான் அவ்வுரிமை நிற்கிறது. "நாங்களே முதலில்" என்ற வாதம் எம்மைச் சுட்டது. அதே வாதத்தை நாமும் கையில் எடுத்ததுண்டு. எமக்கு வேண்டும் அளவுகோலை அயலவருக்கும் வைக்கவேண்டும். அது எளிதன்று, இழந்தவருக்கு மிகக் கடினம்.

எனவே சிறிதாகத் தொடங்குவோம். அடுத்த வெள்ளிக்கிழமை புதிதாக வந்த குடும்பத்தைக் கண்டால், வந்த ஆண்டைக் கேட்கவேண்டாம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்போம். அடுத்த திருவிழாவில் ஒரு பொறுப்பையும் அவர்களிடம் கொடுப்போம்.