அங்கியும் கோவணமும்

கடவுளை எந்த உடையில் எழுதுவது என்னும் கேள்வி சித்திரக்காரனுக்கு மட்டும் உரியதன்று. கண்மூடித் தியானிக்கிற ஒவ்வொருவனும், உள்ளத்தில் ஒரு திருவுருவை நிறுத்துகிற கணத்திலேயே, தன்னை அறியாமல் அதற்கு ஒரு விடை சொல்லிவிடுகிறான்.

இக்கேள்வியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்தார் முன்னிலையில் எழுப்பியவர் ழான் பெரோ. 1849இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த இந்தப் பிரெஞ்சுக்காரர், அகன்ற சாலைகளையும், காப்பிக் கடை வாசல்களையும், புதுமோஸ்தர் உடுத்த சீமாட்டிகளையும், உயரத் தொப்பி அணிந்த கனவான்களையும் தீட்டுவதிலேயே கீர்த்தி பெற்றவர். குதிரை வண்டியொன்றைச் சித்திரக்கூடமாக்கி, அதனுள் அமர்ந்து, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி வரைந்தவர். அத்தகையவர் 1891இல், பரிசேயன் வீட்டு விருந்தில் இயேசுவின் பாதத்தில் ஒரு பாவியான ஸ்திரீ விழுந்து அழுத கதையை எடுத்து, அதைத் தம் காலத்துப் பாரிஸ் மாளிகையொன்றில் நிகழ்த்திக் காட்டினார். விருந்தினர் அனைவரும் கறுப்புக் கோட்டணிந்த பெரிய மனிதர்கள். தரையில் விழுந்து கிடக்கும் அந்த ஸ்திரீயோ அந்த ஆண்டின் நாகரிக உடையில் இருக்கிறாள். இயேசு ஒருவர் மட்டுமே பழங்காலத்து நீண்ட அங்கியில் இருக்கிறார்.

படத்தைக் கண்டு பலர் கொதித்தனர். தெய்வத்தைத் தெருவுக்கு இழுத்துவிட்டார் என்பது அவர்கள் ஆக்ஷேபம். எனக்கோ, அவர்களைச் சுட்டது வேறொன்று எனவே தோன்றுகிறது: அந்தப் பெண்ணை இகழ்ச்சியோடு நோக்கும் பரிசேயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் பத்திரமாக இருந்தவரை யாருக்கும் வருத்தமில்லை, அவர்கள் தம் தையற்காரனிடமே கோட்டுத் தைத்துக்கொண்டவர்களாக எதிரே வந்து அமர்ந்தபோதுதான் மனம் பொறுக்கவில்லை.

ஆயினும் அந்த ஓர் அங்கியைப் பற்றி நம்மவர் ஒருவர் கேட்கக்கூடும்: எல்லாரையும் இக்காலத்தவராக்கிய சித்திரக்காரர் இயேசுவை மட்டும் ஏன் விட்டுவிட்டார்? துணிவு குறைந்ததாலா? அல்ல என்பதே என் துணிபு. அதற்குப் பழனியே சாட்சி. கனி கிடைக்காத குழந்தை வீட்டையும் அணிகலன்களையும் துறந்து மலையேறிய கதை நமக்குத் தெரியும். போகர் நவபாஷாணத்தில் சமைத்ததாக மரபு கூறும் அத்திருமேனி, கையில் தண்டமும் இடையில் கோவணமுமாக நிற்கிறது. மோஸ்தர் என்பது மாறுவதால் வாழ்வது. மாறுவதற்கு ஏதுமில்லாதவனே ஆண்டி. பெரோவின் விருந்து மண்டபத்தில் அந்த அங்கிக்கு உள்ள பொருளும், பழனியில் கோவணத்துக்கு உள்ள பொருளும் ஒன்றே.

இங்கே ஒரு தடை எழும். சாயரட்சையில் அதே மூர்த்திக்கு ராஜ அலங்காரம் ஆகிறதே. ஜனங்கள் முண்டியடிப்பதும், பஞ்சாமிர்த டப்பாவோடு சட்டமிட்ட படமாக வாங்கிப் போவதும் பெரும்பாலும் அந்தக் கிரீடக் கோலத்தைத்தானே? உண்மை. நம் ஆசையின் பொருட்டு அவன் அரசனாகிறான். அடுத்த அபிஷேகத்துக்குள் கிரீடமும் பட்டும் களையப்பட, மீண்டும் ஆண்டியாகவே நிற்கிறான். உடையை ஏற்றுக்கொள்வது வேறு, உடைக்கு உட்படுவது வேறு.

இதனினும் கடினமான தடை மலைமேல் இருக்கிறது. மேகம் விலகிய வேளையில் பழனியைக் காணக்கூடிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கொண்ட கோடைக்கானலிலேயே, 1860களில் பிரெஞ்சு சேசு சபையார் எழுப்பிய சலேத் மாதா கோயிலும் இருக்கிறது. 1846இல் பிரான்சின் சலேத் மலையில் மாடு மேய்த்த சிறுவனுக்கும் சிறுமிக்கும் தோன்றிய மாதா, அவர்கள் கூறியபடி, அந்நாட்டுக் குடியானவப் பெண்களைப் போல் ஏப்ரன் கட்டியிருந்தாள். பிரெஞ்சில் பேசத் தொடங்கி, பிள்ளைகள் விளங்காமல் விழிக்கவே, அவர்களுடைய கிராமத்துப் பேச்சுக்கு மாறினாள். தெய்வம் அன்றாட உடையை ஏற்காது என்றால் இதை என்ன சொல்வது? ஏற்கும், ஆனால் ஏற்றது உழைப்பவளின் உடை. ஏப்ரன் அழுக்குக்காகக் கட்டுவது, பிறர் பார்வைக்காகக் கட்டுவதன்று. ஆண்டியின் கோவணத்துக்கு அதுவே கிட்டத்து உறவு.

பெரோவும் இதை உணர்ந்திருக்க வேண்டும். மறு ஆண்டு, 1892இல், சிலுவையிலிருந்து இயேசுவை இறக்கும் காட்சியை அவர் பாரிஸுக்கு மேலே மோன்மார்த்ர் குன்றின்மேல் வைத்தார். சீமாட்டிகளும் உயரத் தொப்பிகளும் அங்கே இல்லை. சடலத்தைச் சூழ்ந்தவர்கள் எளிய ஜனங்கள். அவர்களில் ஒருவன் கீழே விரிந்த நகரத்தை நோக்கி முஷ்டியை ஓங்குகிறான். விருந்துப் படத்தைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்; முன்னதில் அங்கியணிந்தவர் அந்நியராக இருந்தார், இதில் அவரைத் தாங்கிக்கொள்ள உறவினர் இருக்கிறார்கள்.