முதல் படகு

கோரிப்பாளையத்தில் குடியிருக்கிறவனுக்குப் படகு வாங்கும் ஆசை வந்தது என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் பேட்டைக்குத் தெற்கே வைகை ஓடுகிறது. ஓடுகிறது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஏ.வி. பாலத்தின் மேல் நின்று பார்த்தால் வருஷத்தில் பாதி நாள் மணலும் நாணலும் ஆகாயத் தாமரையும்தான் கண்ணில் படும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், நாற்பத்தாறு வயசில், தூண்டில் போட ஒரு படகு வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

வித்துப் போட்டவன் என் தங்கை மகன். பொங்கலுக்கு வந்தவன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அசையாத ஏரி, காலைப் பனி, நடுவில் வாழைக்காய் போல நீண்ட ஒரு சின்னப் படகு, அதில் ஒற்றை மனிதன், தூண்டிலும் கையுமாக.

"இதுக்குக் கயாக்னு பேரு, மாமா. வாரத்துக்கு ஒரு நாள் இந்த மாதிரி போய் உக்காந்தீங்கன்னா கதை தன்னால வரும்" என்றான்.

கதை எழுதுகிறவனை வீழ்த்துவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நான் வீழ்ந்தேன்.

ஒரு வாரம் அவனோடு உட்கார்ந்து விதவிதமான படகுகளைப் பார்த்தேன். கடைசியில் எனக்குப் பிடித்தது பதின்மூன்றடி நீளமுள்ள ஒன்று. துடுப்புப் போட வேண்டாம். சைக்கிள் மாதிரி காலால் மிதித்தால் போகும். தூண்டிலைச் செருகி வைக்க ஆறு இடம். தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு திரை. விலை, என் நாவல் ஒன்றுக்கு இதுவரை வந்த ராயல்டியைவிட அதிகம். என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதை மாடியில எப்படிங்க ஏத்துவீங்க?" அந்தப் படகின் எடை ஐம்பது கிலோவுக்கு மேல். எங்கள் வீடோ சந்துக்குள் மாடிப் போர்ஷன். படிக்கட்டில் அரிசி மூட்டையையே நிமிர்த்திப் பிடித்துத்தான் கொண்டு வர வேண்டும். பெண்கள் இலட்சியத்தைப் புரிந்துகொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வாசகர்களில் யாருக்காவது இதே பித்துப் பிடித்தால் உதவட்டும் என்று நான் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அமைதியான உள்நாட்டு நீருக்கு, புதிதாகத் தொடங்குகிறவனுக்கு, பத்திலிருந்து பன்னிரண்டு அடி நீளம் போதும். நீளமான படகு நேராகவும் வேகமாகவும் போகும். குட்டையானது சுலபமாகத் திரும்பும். அகலம் முப்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உள்ளே காலை நுழைத்து உட்காரும் வகை ஒன்று, மேலே உட்காரும் வகை ஒன்று. முன்னது கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும். பின்னதில் துவாரங்கள் இருப்பதால் ஏறிய நீர் தானே வடிந்துபோகும், விழுந்தவன் மறுபடி ஏறவும் முடியும். படகு தாங்கும் என்று எழுதியிருக்கிற எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாமலிருப்பது நல்லது. அந்தக் கணக்கில் நம் உடம்பும் சேரும். மிதிக்கிற படகு ஆகாயத் தாமரையில் சிக்கினால் நின்றுபோகும். காற்றடைக்கிற படகைச் சுருட்டி மாடிக்குக் கொண்டுபோகலாம். ஆனால் நம் கண்மாய்களுக்குள்ளேயே கருவேல மரங்கள் நிற்கின்றன, ஒரு முள் போதும்.

இன்னொரு விஷயமும் படித்தேன். தட்டையான அடியுள்ள படகு ஏறியவுடன் ஆடாமல் நிற்கும். ஆனால் ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் கவிழும். அடி சற்று உருண்ட படகு ஏறும்போதே பயமுறுத்தும். ஆனால் நன்றாகச் சாய்ந்த பிறகும் தாங்கும். சிநேகிதர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். நான் எந்த ஜாதி என்று அப்போது யோசிக்கவில்லை.

பணம் கட்டுவதற்கு முன் தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்று ஒரு தை மாதத்து விடிகாலையில் மருமகனும் நானும் மேலூர்ப் பக்கம் போனோம். 1895ல் பெரியாறு அணை கட்டி முடிந்த பிறகு கால்வாய்த் தண்ணீர் கண்ட பூமி அது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் நிரம்பினால் பங்குனி வரைக்கும் தாங்கும். நாங்கள் போன கண்மாய் கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை. வானத்தை மடித்து வைத்த மாதிரி இருந்தது.

நடுவில் ஒரு பெரியவர் வலையை எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய படகு ஒரு லாரி டியூப். அதன் குறுக்கே ஒரு பலகை கட்டி, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாக்கில் பொதிந்த தெர்மாகோல் கட்டு ஒன்று மீன் கூடையைச் சுமந்துகொண்டு கூடவே வந்தது. இரண்டு கையிலும் தட்டு மாதிரி பலகைத் துண்டு, அதுதான் துடுப்பு. கரைக்கு வந்ததும் பேச்சுக் கொடுத்தோம். கண்மாயை மீன்பாசி ஏலத்தில் எடுத்தவருக்கு அவர் மீன் பிடித்துக் கொடுக்கிறார். கூடையில் ஜிலேபியும் கட்லாவும் துள்ளின.

மருமகன் கைபேசியில் படகைக் காட்டினான். பெரியவர் அதை ஆசையோடுதான் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. எதுக்கு தம்பி இது?"

"மீன் பிடிக்கத்தான் ஐயா."

"எம்புட்டு மீன் வேணும்?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. கூடை வேண்டுமா, சட்டி வேண்டுமா என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி யோசனை சொல்லலாம் என்ற நோக்கத்தில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரமாகப் படகைப் பற்றியே பேசியிருக்கிறேன். எத்தனை மீன் வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. கண்மாயில் இருக்கிற மீன் ஒருவர் காசு கொடுத்து ஏலம் எடுத்த மீன், அவர் அனுமதி இல்லாமல் ஒரு கெண்டையைக்கூட நான் தொட முடியாது என்பதும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

பிறகு அவர் கேட்டார்: "நீச்சல் தெரியுமில்ல?"

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

அது பொய். எனக்கு நீச்சல் துளியும் தெரியாது. மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

பெரியவர் நம்பிவிட்டார். "அப்பச் சரி. இதுல ஏறிப் பாருங்க. அந்தா நாலு கொக்கு நிக்குது பாருங்க, அதுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு. அந்தப் பக்கம் மண்ணு வெட்டின பள்ளம், ஆளு முழுகும். நீச்சத் தெரிஞ்சவுகளுக்கு ஒண்ணுமில்ல" என்று டியூபை என் பக்கம் தள்ளினார்.

மண் வெட்டின பள்ளம் என்ற வார்த்தை என் காலைப் பிடித்துவிட்டது. எனக்குப் பதினொரு வயசில், எங்கள் ஊர்க் கண்மாயில் இப்படி ஒரு பள்ளத்தில்தான் என்னோடு படித்த பையன் போனான். அன்றைக்கும் தண்ணீரில் ஒரு அலை இல்லை. முழங்காலளவு நீரில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவன் ஒரு அடி எடுத்து வைத்தான். அடுத்த அடிக்கு அவன் இல்லை. நான் கரையில் நின்று கத்தினேன். கத்தியது தவிர ஒன்றும் செய்யத் தெரியவில்லை. அதற்குப் பிறகு என் அம்மா என்னைத் தண்ணீர்ப் பக்கம் விட்டதில்லை, நானும் போனதில்லை. முப்பத்தைந்து வருஷமாக அதைப் பற்றி ஒரு கதைகூட எழுதியதில்லை.

"ஐயா, எனக்கு நீச்சல் தெரியாது. பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. டியூபைக் கரைக்கு இழுத்துப் போட்டார். "அப்ப மொதல்ல அதப் பாருங்க, தம்பி. படகு எங்க போகுது" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறோம்? நாளைக் காலையில் அதை உபயோகிக்கப் போகிற ஆளுக்காகவா, என்றைக்கோ ஒரு நாள் நாம் ஆகிவிடப் போவதாக நினைக்கிற ஆளுக்காகவா? அந்தப் பதின்மூன்றடிப் படகை நான் தேர்ந்தெடுத்தது ஒரு தேர்ந்த மீன்பிடிக்காரனுக்கு. ஐம்பது கிலோவைத் தனியாகத் தூக்குகிறவன், நீந்துகிறவன், ஆறு தூண்டிலை ஒரே நேரத்தில் கவனிக்கிறவன். அப்படி ஒருவன் எங்கள் வீட்டில் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. என் முதல் பேனாவை நான் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே வாங்கினேன். எழுத்தாளனாக இல்லாத ஒருவன் எழுத்தாளனுக்கென்று வாங்கிய பேனா அது. அதுவும் பொய்தானே? ஆகப்போகிற தன்னைக் கற்பனை செய்யாதவன் எதையும் தொடங்கவே முடியாது. ஆர்மோனியம் வாங்கி வைத்த பிறகு பாட்டுக் கற்றுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். இந்த மறுப்பை நான் லேசாகத் தள்ளவில்லை. பல நாள் மனசில் போட்டுப் புரட்டினேன்.

இரண்டு கற்பனைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று இப்போது படுகிறது. பேனாவை வாங்கியபோது நான் கற்பனை செய்தது எழுதுவதை. இரவில் விளக்கடியில் உட்கார்ந்து அடித்து அடித்துத் திருத்துவதை நினைத்து எனக்கு ஆசையாக இருந்தது. படகை நினைத்தபோது நான் கற்பனை செய்தது அந்தப் படத்தை. அதில் நான் துடுப்புப் போடவில்லை, வியர்க்கவில்லை, மீனின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றவில்லை. யாரோ பார்க்கும்படி உட்கார்ந்திருந்தேன். செய்வதை விரும்புகிறவன் தனக்கு என்ன தெரியாது என்பதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவான், வேலையே காட்டிக்கொடுத்துவிடும். தோற்றத்தை விரும்புகிறவன் தெரியாததை மறைக்க வேண்டியிருக்கிறது. நான் மறைத்தேன். யாரிடம்? என்னைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எந்த அபிப்பிராயமும் இல்லாத ஒரு பெரியவரிடம். பேனா அந்தப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளும், தண்ணீர் பொறுக்காது.

கயாக்கைக் கண்டுபிடித்தவர்கள் துருவப் பிரதேசத்து இனூயிட் மக்கள். கடலில் ஒதுங்கிய கட்டையாலும் திமிங்கல எலும்பாலும் சட்டம் கட்டி, அதன் மேல் சீல் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். அளவு நாடா எதுவும் கிடையாது. ஓட்டப்போகிறவன் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்தைப் போல மூன்று மடங்கு நீளம். அவனுடைய இடுப்போடு இரண்டு முஷ்டி சேர்ந்தது அகலம் என்று ஒரு கணக்கு அவர்களிடம் உண்டு. படகு செய்வதற்கு முதல் வேலை ஆளை அளப்பது. அவனைவிடப் பெரிய ஒருவனுக்குச் செய்தால் அவனே மூழ்குவான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்களைப் பற்றி இன்னொரு செய்தியும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கிரீன்லாந்தில் இருந்த டேனிஷ் வைத்தியர்கள் ஒரு விசித்திரமான நோயைக் குறித்து வைத்தார்கள். புயலிலும் பனிக்கட்டியிலும் வேட்டையாடி வளர்ந்த மனிதன், காற்றே இல்லாத ஒரு நாளில், கண்ணாடி போன்ற கடலில், தன் கயாக்கில் தனியாக அசையாமல் உட்கார்ந்திருப்பான். திடீரென்று தலை சுற்றும். படகில் தண்ணீர் ஏறுவது போலவும் கவிழ்வது போலவும் பீதி பிடிக்கும். சிலர் அதற்குப் பிறகு படகில் ஏறவே இல்லையாம். அலை அடிக்கும்போது கைக்கு வேலை இருக்கிறது. அசையாத நீரில் மனிதன் தன்னோடு தனியாக விடப்படுகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. அமைதியான தண்ணீர் தொடக்கக்காரனுக்குச் சுலபம் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். துடுப்பைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

சித்திரை முடிந்தது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் மீன்பிடித் திருவிழா என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். நீர் வற்றி முழங்காலுக்கு வந்திருந்தது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஜனங்கள் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்கினார்கள். ஒருவருக்கும் படகு இல்லை. பிடித்த மீனை விற்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கிறார்கள், அகப்படாதவர்களுக்கும் பக்கத்துக்காரர்கள் கொடுக்கிறார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சேறு கணுக்காலைப் பிடித்தபோது பழைய பயம் வந்தது. கொஞ்ச நேரம் நின்று, பிறகு நடந்தேன். எனக்கு அகப்பட்டது ஒரு கெளுத்தி. அதன் முள்ளில் குத்துப்பட்டு விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் காலையில் நீச்சல் குளத்துக்குப் போகிறேன். எனக்குக் கற்றுக்கொடுக்கிறவனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். என்னோடு கற்றுக்கொள்கிறவர்களுக்கு எட்டு, ஒன்பது. "அங்கிள், மூச்சை விடுங்க, பிடிக்காதீங்க" என்று அவர்களே எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். குளத்தின் அகலத்தை இரண்டு தடவை நின்று கடக்கிறேன்.

படகு இன்னும் வாங்கவில்லை. பத்தடி நீளம், முப்பத்து மூன்று அங்குல அகலம், மேலே உட்காரும் வகை, துடுப்புப் போடுவது, என் மருமகனும் நானும் இரண்டு பக்கம் பிடித்தால் படியேறக்கூடிய எடை என்று முடிவு செய்திருக்கிறேன். ஏலம் எடுப்பவரைப் பார்த்து அனுமதி கேட்க வேண்டும். ஐப்பசியில் கண்மாய் நிரம்புவதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மிதவைச் சட்டை மட்டும் வாங்கிவிட்டேன். கூடத்தில் குடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்கிறார்கள். நீச்சல் தெரியாது, அதற்காக என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.