மண்ணுக்கு எத்தனை இன்ச் போர்வை?

வாலிகண்டபுரம் போனால் வாலீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, சுற்றியிருக்கிற காடுகளையும் ஒரு நடை பார்த்து வாருங்கள். மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியில் விளைகிற பெரம்பலூர் பூமி. அறுவடை முடிந்தால் மண் வெற்றுடம்போடு வெயிலில் கிடக்கும். கரிசலாக இருந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் சருகு, தட்டை எதையாவது பரப்பி வைப்பதுதான் மூடாக்கு. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன சங்கதி.

சரி, எவ்வளவு போடணும்?

பி.காம். படித்தவனிடம் கேட்டால் உடனே கால்குலேட்டரை எடுப்பான். ஒரு சென்ட் என்பது சுமார் 435 சதுர அடி. மூன்று இன்ச், அதாவது கால் அடி கனத்துக்குப் போட்டால் கிட்டத்தட்ட 109 கன அடி சருகு. முடிந்தது கணக்கு.

'ஆறு இன்ச் போட்டால் டபுள் லாபமாச்சே?' என்பீர்கள். அதுதான் இல்லை. குறைந்தால் களை எட்டிப் பார்க்கும், ஈரம் ஓடிப்போகும். அளவுக்கு மீறினால் சின்னத் தூறலைச் சருகே குடித்துவிடும். வேருக்குச் சொட்டு போகாது. தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும். போர்வைகூட மூச்சு முட்ட வைக்கும் சார்!

இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தச் சருகு யாருடையது?

மக்காச்சோளத் தட்டையை மாடு கேட்கிறது. பருத்தி மாரை அடுப்பு கேட்கிறது. இரண்டையும் மண்ணும் கேட்கிறது. வயலின் வைக்கோல் மொத்தமும் வயலுக்கே என்றார் ஜப்பானின் ஃபுகுவோகா. ஆனால், தொழுவத்தில் பசியோடு நிற்கிற மாட்டிடம் அதை எப்படிச் சொல்வது? நகரத்து வீட்டுத் தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாக வைக்கோல் வாங்குகிறோமே, அது எங்கோ ஒரு நிலத்தின் போர்வையை உருவியதுதான். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று எழுதித்தானே ஆகவேண்டும்!

எனக்குத் தோன்றும் நியாயம் இதுதான். முதல் பங்கு வாயில்லா ஜீவனுக்கு. அது சாணமாக மண்ணுக்குத் திரும்பட்டும். மாடு கழித்த தடித்த தண்டு நேராக மண்ணுக்கு. நகரத்துக்காரர்கள் வாசலில் கூட்டிக் கொளுத்துகிற சொந்தச் சருகிலிருந்து ஆரம்பிக்கலாம். யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாத ஒரே ஆள், நெருப்பு.

அளவு? சருகை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நல்ல வெயிலிலும் ஈரம் தட்டுப்பட்டால் போதும், நிறுத்திவிடலாம். எவ்வளவு கொடுப்பது என்பதைக் கொடுப்பவரின் மூட்டை முடிவு செய்யக் கூடாது. வாங்குகிற மண்தான் சொல்லணும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதும் இதே கணக்குதான்.