வேண்டுதலைக் கேட்டவர் யார்?

பிற சமயத்தவரின் வேண்டுதல் நிறைவேறினால், நிறைவேற்றியவர் யார்? கடவுள் ஒருவரே என நம்பும் கிறிஸ்தவர்க்கு இஃது எளிய வினா அன்று. தற்செயல் என்பாரும், தீய ஆவியின் செயல் என்பாரும் அவருள் உளர்.

ஆயினும் அவர்தம் திருநூல் வேறொரு வழியும் காட்டுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில் கொர்நேலியு என்னும் உரோமைப் படைத்தலைவர் வருகிறார். யூதரின் கடவுளுக்கு அஞ்சி நடந்தவர், பிறப்பால் யூதர் அல்லர், கிறிஸ்தவரும் ஆகவில்லை. அந்நிலையிலேயே அவருடைய வேண்டுதலும் தருமமும் கடவுளை எட்டின என்று தேவதூதன் அறிவிக்கிறான்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இன்னும் ஒரு படி சென்றார். 1956இல் வெளிவந்த ‘கடைசிப் போர்’ என்னும் அவரது கதையில், பொய்த்தெய்வத்தை மனமார வழிபட்ட வீரனின் நற்தொண்டை மெய்த்தெய்வம் தனக்குச் செய்ததாகவே ஏற்கிறது.

இதில் பரிவு உண்டு, நெருடலும் உண்டு. அன்பரின் நேர்மை போற்றப்படுகிறது. அவர் கைகூப்பிய தெய்வமோ பொய்யாகவே நிற்கிறது. பிறர் வீட்டு விளக்கொளியை நம் வீட்டுக் கணக்கில் எழுதலாமா?

நாமும் இதற்கு விலக்கல்லர். வேளாங்கண்ணியில் வேண்டி நோய் தீர்ந்தவரிடம், “அஃது உம் நல்வினைப்பயன்” என்று நாம் கூறும்போது அதையே செய்கிறோம். அருகன் வரம் அருள்பவன் அல்லன் என்பது நம் கொள்கை. அதைக் கைவிட வேண்டுவதில்லை. பிறர் நன்றியைத் திருத்தவும் வேண்டுவதில்லை. அநேகாந்தம் கற்பிக்கும் அடக்கம் இதுவே.

கொர்நேலியுவின் வேண்டுதலோடு தருமமும் சேர்த்தே சொல்லப்பட்டது. அளித்தவர் யார் என்பதில் சமயங்கள் உடன்படா. பெற்றவர் நெஞ்சில் கருணை வளர்ந்ததா என்பதை எல்லோரும் காணலாம்.