நஷ்டம் யாருடையது?

1

வங்கியில் கடன் கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு தொழில்புத்தி படிந்துவிடுகிறது. பணம் எந்தத் தேதியில் கைமாறியது என்று பார்க்காமல் மனிதர்களுக்கிடையே உள்ள எந்த உறவையும் அவனால் புரிந்துகொள்ள முடிவதில்லை. பொருளைப் பார்த்துப் பணம் கொடுத்தால் விற்பனை. முன்னால் கொடுத்து, பின்னால் வட்டியோடு வாங்கினால் கடன். திரும்ப வாங்கும் எண்ணமே இல்லாமல் கொடுத்தால் தானம். இந்த மூன்று தலைப்புகளிலும் அடங்காத ஒரு கொடுக்கல் வாங்கலைப் பற்றிச் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷையர் பக்கம், சிறு காய்கறிப் பண்ணைகள் பல இப்படி நடக்கின்றன. வயலில் உறைபனி கிடக்கும் மாதங்களிலேயே சுற்றுவட்டாரக் குடும்பங்கள் அந்த வருஷத்து விளைச்சலில் ஒரு பங்குக்குப் பணம் கட்டிவிடுகின்றன. அதில் விதை வாங்கப்படுகிறது, கூலி கொடுக்கப்படுகிறது. ஜூன் தொடங்கி அக்டோபர் வரை வாரம் ஒரு கூடை வரும். கூடையில் என்ன இருக்கும் என்பது பணம் கட்டியவர் கையில் இல்லை. நன்றாக விளைந்தால் எல்லோருக்கும் அதிகம்; பொய்த்தால் எல்லோருக்கும் குறைவு. பணம் திரும்பி வராது.

இது ஓர் இடத்தில் பிறந்த யோசனை அல்ல. ஜப்பானில் 1971இல் தொடங்கிய இயற்கை விவசாயச் சங்கம் இதற்கு 'தெய்க்கெய்' என்று பெயர் வைத்து, 1978இல் பத்து நெறிகளை வகுத்தது. வாங்குபவன் விற்பவன் என்ற உறவு வேண்டாம், தோழமை வேண்டும் என்பது அவற்றின் சாரம். கலந்து பேசிப் பயிரிட்டதை எல்லாம் உண்பவர் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும் என்பதும் ஒரு நெறி. அமெரிக்காவில் முதல் இரண்டு பண்ணைகளும் 1986இல் பருவத்தைத் தொடங்கின. மாசசூசெட்ஸில் ராபின் வான் என் நடத்திய இந்தியன் லைன் பண்ணை ஒன்று. நியூ ஹாம்ப்ஷையரின் டெம்பிள்-வில்டன் பண்ணை மற்றொன்று. ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 'சமூக ஆதரவு விவசாயம்' என்று தமிழாக்கலாம்தான். 'ஆதரவு' என்ற சொல்லில் தர்மகர்த்தா வாசனை அடிப்பதால் நான் 'பங்கு' என்றே சொல்கிறேன்.

2

அந்தப் பருவத்தின் ஓட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் இதன் தர்மத்தைப் பேச முடியாது. குளிர்காலம் முடியுமுன்பே கண்ணாடிக் கூடாரத்துக்குள் வெங்காய விதை தட்டுகளில் ஊன்றப்படுகிறது. மே மாதம் பிற்பாதி வரை உறைபனி வரலாம். தக்காளி நாற்றை ஒரு வாரம் முன்னதாக வெளியே நட்டால் ஓர் இரவில் எல்லாம் போய்விடும்; ஒரு வாரம் பின்னதாக நட்டால் காய்ப்பு பின்னால் போகும். ஜூனில் கீரையும் முள்ளங்கியும். ஜூலையில் பட்டாணி, வெள்ளரி, யாருக்கும் தேவைப்படாத அளவுக்குச் சுரைக்காய் வகைகள். ஆகஸ்டில் தக்காளி, எல்லோரும் காத்திருப்பது அதற்குத்தான். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதலிலோ மறுபடி உறைபனி. பிறகு முட்டைக்கோஸ், பூசணி, கிழங்குகள். சமைக்கத் தெரியாத நூக்கோல் மூன்று வாரம் தொடர்ந்து வந்தால் பங்குதாரர் வீட்டில் முணுமுணுப்பு எழும். இந்த முணுமுணுப்பை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. நம் விருப்பத்துக்கு வெளியே ஒரு நிலம் இருக்கிறது என்பது பெரும்பாலும் சமையலறையில்தான் உறைக்கிறது.

2009ஆம் வருஷம் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. வடகிழக்கு மாநிலங்களில் ஜூன் முழுவதும் மழையும் குளிருமாக இருந்தது. பின்பருவ இலைக்கருகல் நோய் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டது. பெரிய கடைகளில் வீட்டுத் தோட்டங்களுக்காக விற்கப்பட்ட தக்காளி நாற்றுகளோடு அது ஊர் ஊராகப் போனதாகப் பிறகு கண்டறிந்தார்கள். இலையில் எண்ணெய்க் கறை போல ஒரு புள்ளி. சில நாட்களில் வயல் முழுக்கக் கருகிப்போகும். அதன் வித்துகள் காற்றில் பறப்பவை. அண்டை வீட்டுத் தொட்டிச் செடி, பண்ணை வயலை அழிக்க முடியும். செம்பு மருந்தை முன்கூட்டித் தெளித்தவர்கள் ஓரளவு காப்பாற்றினார்கள். மற்றவர்கள் காய் பிடித்த செடிகளைப் பிடுங்கிப் பையில் கட்டி அழித்தார்கள். ஆகஸ்டில் பல கூடைகள் தக்காளி இல்லாமல் போயின.

இதே நோய்தான் 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கில் இறங்கியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். அந்த வருஷங்களில் அங்கிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது, குத்தகை கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது. நஷ்டத்தை உண்டாக்கியது பூஞ்சை போன்ற அந்த நுண்ணுயிர். அது யார் தலையில் விழவேண்டும் என்பதை மனிதர்கள் தீர்மானித்தார்கள்.

3

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். 'தக்காளி வராதவன் கடையில் போய் வாங்கிக்கொள்வான். பசி தெரியாதவன் பசியைப் பங்குபோடும் விளையாட்டு இது' என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2009இல் எந்தப் பங்குதாரரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் விவசாயிக்குப் பங்குதாரரின் துக்கம் தேவையில்லை. துக்கம் அவரிடமே போதிய அளவு இருக்கிறது. கொடுத்த பணத்தை அவர் திருப்பிக் கேட்காமல் இருந்தால் போதும். பணம் பிப்ரவரியில் கொடுக்கப்பட்டுவிட்டது. நோய் ஜூலையில் வந்தது. அவர் நல்லவரா, ஆகஸ்டில் அவருக்கு மனம் இளகியதா என்ற கேள்விகளே எழாதபடி அந்தத் தேதி பார்த்துக்கொண்டது. நம்பிக்கையை ஓர் உணர்ச்சியாகவே பேசிப் பழகிவிட்டோம். இங்கே அது ஒரு தேதியாக இருக்கிறது.

என் மேஜைக்கு வருகிற விவசாயியின் கதை வேறு. கடன் பத்திரத்தில் மழைக்கு இடம் கிடையாது. மழை அதிகமாகப் பெய்தால் தவணை தள்ளிவைக்கப்படலாம். தொகை அப்படியே நிற்கும். நகையை வைத்தவர் வட்டியைக் கட்டி மறுபடி அதே நகையை வைப்பார். தேர்தல் வந்தால் தள்ளுபடியும் வரலாம்; அது தானத்தின் கணக்கு. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் காய்கறிப் பயிருக்கு விவசாயி கட்டும் பங்கு அதிகபட்சம் 5 சதவீதம். மீதியை அரசாங்கங்கள் கட்டுகின்றன. காப்பீடும் நஷ்டத்தைப் பங்கிடும் வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அது முகமில்லாதவர்களிடையே பங்கிடுகிறது. இழப்பு ஒரு தொகையாக மாறி, அந்தப் பயிரைச் சாப்பிடவேண்டியிருந்தவன் அறியாமலே தீர்ந்துவிடுகிறது. கூடையில் தக்காளி இல்லாதபோது அந்த இன்மை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

4

இன்னொரு ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்து வரும். 'இதெல்லாம் நம்மிடம் ஏற்கனவே இருந்தது. களத்துமேட்டில் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் வெட்டியானுக்கும் விளைச்சலில் பங்கு அளக்கவில்லையா?' அளந்தோம். பழைய வருவாய்க் கணக்குகளில் இந்தப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்றே பெயர். மொழி செய்யும் கேலிகளில் இது ஒன்று. அந்தச் சுதந்திரத்தைப் பெற்றவனுக்கு ஊரை விட்டுப் போகும் சுதந்திரம் இருக்கவில்லை. எந்தக் குடியில் பிறந்தான் என்பதே அவன் பங்கையும் வேலையையும் அளந்துவிட்டது. விளைச்சல் குறைந்தால் அவன் பங்கும் குறையும். அந்த அளவில் நஷ்டத்தில் அவனும் கூட்டாளி. என்ன பயிரிடுவது, எதற்குச் செலவழிப்பது என்ற பேச்சில் அவனுக்கு வாயில்லை. பழமையைத் தேடிப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, விலகிப்போகும் உரிமை உள்ளவர்கள் செய்துகொள்ளும் பங்கீடுதான் தர்மரீதியாகப் பொருட்படுத்தத்தக்கது என்று சொல்லத் தோன்றுகிறது. சொன்னவுடன் அடுத்த சிக்கல் நிற்கிறது. விலகிப்போகும் உரிமை இருந்தால் விலகிப்போவார்கள். நஷ்டப்பட்ட வருஷம் பேசாமல் இருந்தவர் அடுத்த ஜனவரியில் பணம் கட்டாமல் இருந்துவிடலாம். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தம் ஒரு பருவத்துக்குத்தான்.

பூண்டு இந்த இடத்தில்தான் வருகிறது. அந்தப் பண்ணைகளில் பூண்டை அக்டோபரில் நடுகிறார்கள். வைக்கோல் போர்த்தி, பனிக்கடியில் விட்டு, அடுத்த ஜூலையில் பிடுங்குகிறார்கள். அதை நடும்போது அடுத்த வருஷத்துப் பங்குதாரர்கள் பெரும்பாலும் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள். உண்பவர் முன்பணம் கொடுத்து விவசாயியை நம்புகிறார் என்று இதுவரை எழுதிக்கொண்டு வந்தேன். இன்னும் பெயர் தெரியாதவர்களை நம்பி விவசாயி அதற்கும் முன்னாலேயே ஒரு பல்லை மண்ணில் புதைத்துவிடுகிறார். யார் முதலில் நம்பினார்கள் என்ற கணக்கில் விவசாயியின் பதிவு எப்போதும் மேல் வரியில் இருக்கிறது. பங்குதாரரின் முன்பணம் அந்தப் பழைய பாக்கியில் ஒரு பகுதியைத்தான் தீர்க்கிறது.

5

இதிலும் பாசாங்குக்கு இடம் உண்டு. கடை விலையைப் பார்த்துப் பங்கின் விலையை வைக்கும் பண்ணைகளில், விவசாயி தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடுகிறார். அப்போது நஷ்டம் பங்கிடப்பட்டதாகத் தோன்றும். அதன் பெரும்பகுதி பழைய இடத்திலேயே கிடக்கும். டெம்பிள்-வில்டனில் வேறு வழி எடுத்தார்கள். விவசாயிகளின் ஜீவனத்தையும் சேர்த்து வருஷத்துக்கான முழுச் செலவையும் கூட்டத்தில் வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்த தொகையைச் சொல்லும். கூட்டினால் குறைகிறதா, மறுபடி கேட்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கும் யார் எவ்வளவு எடுத்துப்போகிறார்கள் என்பதற்கும் சம்பந்தமில்லை. நான் அங்கே மதிப்பது அந்த இரண்டாவது சுற்றைத்தான். தொகை குறைகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தபின், கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் உட்கார்ந்திருக்கவேண்டிய இடம் அது. தன் பெயருக்கு நேரே எழுதிய எண்ணை அடித்துவிட்டு வேறொன்று எழுதுவதா என்பதை ஒவ்வொருவரும் தனியாகத் தீர்மானிக்கவேண்டும். சந்தை இந்தக் கணத்தை யாருக்கும் தருவதில்லை, கட்டாயமும் தருவதில்லை.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. நாம் எல்லோரும் எத்தனையோ சிறு பத்திரிகைகளுக்கு வருஷச் சந்தா கட்டியிருக்கிறோம். நான்கு இதழ் என்று சொல்லி இரண்டு வந்தது. சிலவற்றில் அந்த இரண்டாவதும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு தபால்கார்டு எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அடுத்த வருஷம் சந்தாவைப் புதுப்பித்தோமா? இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது என் பழைய பாஸ்புக்குகளை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் புதுப்பிக்கவில்லை. அந்த வருஷங்களில் ஆசிரியர்கள் அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்கியிருந்தார்களா என்று கேட்கவும் இல்லை.